விருந்தாளி வந்த வழி

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முதலாளிகளிடம் வைத்த கோரிக்கைப் பட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். கூலி உயர்வு அதில் இருக்கிறது. மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது எல்லாம் இருக்கின்றன. நடுவில் இரண்டு கோரிக்கைகள் இன்றைய பிள்ளைகளுக்கு வேடிக்கையாகத் தெரியும். துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக விட வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும் என்பது மற்றொன்று.

"வீட்டுக்கு ஆள் வர்றதுக்குக்கூட ஸ்ட்ரைக்கா பாட்டி?" என்று என் பேத்தி கேட்டாள்.

அதற்கும்தான். எங்கள் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடான லயம் கம்பெனியுடையது. லயத்து முன்னால் கிடக்கும் மண்ணும் கம்பெனியுடையது. அந்த மண்ணுக்கு வந்து சேரும் செம்மண் சடக்கும் அதே கம்பெனியுடையது. வெளியாள் அதில் கால் வைத்தால் அத்துமீறல். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதன் 1941 மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கிள்ளான் எங்களுக்குத் தூரம். நான் கெடாக்காரி. தீக்காம் பத்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் நடுவில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மேற்கே போனால் மூடா ஆறு கடலில் விழும் இடத்தில் கோத்தா கோலா மூடா. எங்கள் லயத்துக்கு மீன் அங்கிருந்துதான் வரும். கிள்ளானில் கோரிக்கையாக எழுதி வைத்ததை எங்கள் பக்கம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்பா சொன்ன கதைகளைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளியூர் ஆட்களுக்குப் பழக்கப்பட்ட மண் இது. புத்தகுப்தன் என்ற மாலுமி தன் கடற்பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த வேண்டுதலை, ஆற்றுக்குத் தெற்கே வெல்லஸ்லி மாகாணத்தில் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி 1834-இல் கண்டெடுத்தார். ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து அது. வடக்கே மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் கிடக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படையும் கடாரத்துக்கு வந்தது. அவர்கள் விருந்துக்கு வந்தவர்கள் அல்லர். 1800-இல் ஆற்றுக்குத் தெற்கே இருந்த கரையோரத்தைக் கெடா சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகு, மூடா ஆறு எல்லைக்கோடாகிப் போனது. ஒரு கரையில் வெள்ளைக்காரன் ஆட்சி. மறு கரையில் சயாம் அரசருக்குக் கப்பம் கட்டிய கெடா.

1909-இல் சயாம் கெடாவின் மீதிருந்த தன் உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அதன்பின் தென் கெடாவில் கித்தாக் காடு வேகமாகப் பரவியது. ரயில் வந்தது, சடக்கு வந்தது. கோலா மூடா என்ற ஆற்றுமுகத்தின் பெயரை மாவட்டம் வைத்துக்கொண்டாலும் நடமாட்டமெல்லாம் உள்நாட்டுக்கு, சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டது. தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் வேறொரு நாட்டு வரைபடம் போலிருக்கும். சுங்கை பட்டாணியில் ஸ்கார்பரோ, பீடோங்கில் ஹார்வர்ட், காராங்கான் பக்கம் டப்ளின், கோலா கெட்டில் பக்கம் பேடனாக், பாடாங் செராயில் ஹென்றியட்டா, விக்டோரியா. அந்தப் பலகைகளின் கீழ் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் வரிசை கட்டி நின்றவர்கள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள்.

இவர்களுக்குள் சொந்தபந்தம் ஏராளம். ஒரே கப்பலில் வந்து ஒரே கங்காணியின் கீழ் இறங்கியவர்கள்கூட வெவ்வேறு தோட்டங்களுக்குச் சிதறினார்கள். அண்ணன் ஹார்வர்டில், தம்பி ஸ்கார்பரோவில் என்று இருக்கும். பார்க்கப் போக ஆசை இருக்காதா?

அப்பா பக்கத்துத் தோட்டத்துச் சின்னையாவைப் பார்க்கப் போனால் முதலில் நிற்கும் இடம் ஆபீஸ் வாசல். ஆபீஸ் எழுத்தரான கிராணி கேட்பார்: எந்தத் தோட்டம், யார் வீடு, என்ன காரியம், எப்போது திரும்புகிறாய். இராத் தங்க வேண்டுமென்றால் கங்காணிக்கும் தெரிய வேண்டும். சைக்கிளை ஆபீஸுக்கு முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லயத்தை அடைந்த பிறகும் நிம்மதி கிடையாது. இரண்டு பேர் அஞ்சடியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தால் மூன்றாவதாக ஒருவர் சும்மா அந்தப் பக்கம் நடந்து போவார். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.

இத்தனை சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. தன் கூட்டத்தில் அன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று. ஓர் ஆள் குறைந்தால் அவர் வருமானம் குறையும். விருந்தாளி என்று வருகிறவன் வாயில் சேதி இருக்கும். எங்கள் தோட்டத்தில் கூலி கூட, கங்காணி அடிக்க மாட்டார், தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது என்பான். அந்த மூன்று வாக்கியம் போதும், மறு வாரம் ஒரு குடும்பம் மூட்டை கட்டிவிடும். ஆள் இழுப்பது குற்றம் என்று சட்டமே இருந்தது. ஆக நண்பனைப் பார்க்க வந்தவனைத் தோட்ட நிர்வாகம் திருடனைப் போல் பார்த்தது. திருட வந்த பொருள் ஆள்.

அரசாங்க விருந்தாளிகளுக்கு மட்டும் கதவு அகலமாகத் திறந்தது. 1936-ஆம் ஆண்டுக் கடைசியில் இந்திய அரசாங்கம் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. அவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அது முதலாளிகளுக்குச் சாதகமாக மென்மையாக இருக்கிறது என்று இங்கிருந்த இந்தியச் சங்கத்தார் குறைபட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுகளில் நிலைமை முற்றி, 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. புதுக் கப்பலில் புது ஆள் வராத நிலையில் இருக்கிற ஆளைக் காத்துக்கொள்ளும் அக்கறை நிர்வாகங்களுக்கு இன்னும் கூடியது.

என் பிள்ளைப் பருவத்தில் தடையில்லாமல் வந்துபோன ஒரே வெளியாள் மீன்காரர். கோத்தா கோலா மூடாவின் மீன்பிடிக் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் 'பாச்சே' என்று கூப்பிடுவோம். மீனுக்குக் காசு சம்பள நாளில்தான். அம்மா கணக்கைக் கரித்துண்டால் சமையலறைப் பலகையில் கோடு போட்டு வைப்பார். பாச்சே தன் மனசிலேயே வைத்திருப்பார். இரண்டும் ஒத்துப்போகும். தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் அவர் கூடையில் ஏறும். நோன்புப் பெருநாளுக்கு அப்பா எங்களை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

அந்த வீட்டைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலில் ஒன்று உறைத்தது. பலகை வீடு, அத்தாப்புக் கூரை, எங்கள் லயத்தைவிடப் பணக்கார வீடு ஒன்றுமில்லை. ஆனால் பாச்சே படியில் நின்றுகொண்டு, "ஏறி வாங்க" என்றார். யாரையும் கேட்கவில்லை. தென்னை மரத்தைக் காட்டி இது என் தகப்பனார் வைத்தது என்றார். என் அப்பா அந்த நாளில் வழக்கத்தைவிட உரக்கப் பேசினார்.

அந்தக் கம்பத்தின் மீன் சந்தையும் தனி ரகம். படகு வந்ததும் மீனைக் குவித்துவிட்டு விற்பவர் நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் காதருகே போய்த் தங்கள் விலையைக் கிசுகிசுப்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. கூடுதல் விலை சொன்னவருக்கு மீன். 'பாசார் பிசிக்' என்று பெயர். இன்றும் நடக்கிறது.

அப்பாவின் காலத்துக்குத் திரும்பினால், போர்க்காலம் எல்லாவற்றையும் கலைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜித்ரா, குரூண் வழியாக இறங்கினார்கள். துரைமார்கள் ஓடினார்கள். வாசலில் கேள்வி கேட்க ஆள் இல்லை. ஆனால் பார்க்கப் போகத் தெம்பும் இல்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பானியர் தாய்லாந்திடம் கொடுத்துவிட்டார்கள்.

1945-இல் துரைமார்கள் திரும்பி வந்தபோது பழைய ஆட்களைக் காணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படையைக் கட்டினார். சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு. முதல் இலக்கு கள்ளுக்கடை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் மறியல் நடக்கும். நான் இங்கே சொல்ல வருவது அவர்கள் போட்ட நடையைத்தான். ஒரு தோட்டத்து இளைஞர்கள் கூட்டமாகப் புறப்பட்டு, எல்லை மரத்தைத் தாண்டி, அடுத்த தோட்டத்து லயத்துக்குள் பட்டப்பகலில் நுழைந்தார்கள். ஆபீஸில் பெயர் சொல்லவில்லை. லயத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். கிள்ளானில் அனுமதியாகக் கேட்டதைக் கெடாவில் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். 1947-ஆம் ஆண்டுத் தொடக்க மாதங்களில் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசோடு மோதல் வெடித்தது. தொழிலாளர் உயிர் போனது. பலர் சிறைக்குப் போனார்கள். தொண்டர் படை நசுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நாடு முழுக்க. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரம் இருந்த மக்களைப் புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அடையாள அட்டை வந்தது, ஊரடங்கு வந்தது. உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் வேலைக்குப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கக் கூடாது. வெறுங்கையோடு உறவு பார்க்கப் போகாத சனம், அரிசியைக் கையில் எடுத்தால் கம்யூனிஸ்டுக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்கப்பட்டது. என் பெரியம்மாவின் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாய்வதற்குள் வேலிக்கு வெளியே போயாக வேண்டியிருந்தது என்று அம்மா சொல்வார்.

1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்களே மாதம் 10 வெள்ளி போட்டுத் தோட்டத்தை வாங்கினால் என்ன என்று கேட்டு அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். சங்கம் முதலில் வாங்கியது எங்கள் கெடாவில் இருந்த புக்கிட் சீடிம் தோட்டம். அங்கே பங்கு வைத்திருந்த என் மாமா ஒருவர் விருந்தாளி வந்தால் தோட்டத்தைச் சுற்றிக்காட்டாமல் விட மாட்டார். வெளிக்காட்டில் நின்று, "இந்த நிரையில ரெண்டு மரமாவது என்னுது" என்பார். எந்த இரண்டு என்று அவருக்கும் தெரியாது.

என் தோழி ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் நான்காவது வீடு. எழுபதுகளில் மலேசியப் பெண்கள் பலர் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார்களே, அந்த அலையில் போனவள். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். இப்போது யார்க்‌ஷயரில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நான் போய் அவளோடு தங்கினேன்.

காலையில் நடக்கக் கூட்டிப்போனாள். கல் அடுக்கிய மதில், அதைத் தாண்ட மூன்று படி, அப்பால் ஆட்டு மந்தை மேயும் பச்சை நிலம். மதிலோரம் ஒரு மரக் கம்பத்தில் அம்புக்குறி. நான் படியில் ஏறாமல் நின்றேன். அது யாருடைய நிலம் என்று கேட்டேன். அதோ அந்த வீட்டுக்காரருடையது என்றாள். கேட்டுவிட்டு வரலாமே என்றேன்.

"ஏறுடி. இது பொதுப் பாதை. அவராலயும் தடுக்க முடியாது" என்றாள்.

நிலக்காரர் டிராக்டரில் எதிரே வந்தார். என் கால் தானாக ஓரத்துக்கு ஒதுங்கியது. அவர் கையைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மாலையில் அவள் வீட்டில் தேநீர் குடிக்க நான்கு அண்டை வீட்டார் வந்தார்கள். கதவு சாத்தியிருக்கவில்லை. ஒரு நாள் கடற்கரைப் பட்டணமான ஸ்கார்பரோவுக்கும் போனோம். பலகையைப் பார்த்ததும் இருவரும் சிரித்த சிரிப்பு அங்கே நின்ற யாருக்கும் புரிந்திருக்காது.

அந்தப் பாதைகள் அங்கேயும் சும்மா கிடைத்தவை அல்ல. 17-ஆம் நூற்றாண்டு முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, இங்கிலாந்தின் பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலிக்குள் அடைத்தது. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் இருந்த இடம் ஏழைகளுக்கு இல்லாமல் போனது. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, ஆலைத் தொழிலாளர் நகரமான மான்செஸ்டர் பக்கமிருந்து நூற்றுக்கணக்கானோர், பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னே போக, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்துக்குள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். அது பணக்காரர்கள் பறவை வேட்டையாட வைத்திருந்த இடம். ஐவருக்குச் சிறை. ஆனால் அதே 1932-இல் வந்த ஒரு சட்டம், 20 ஆண்டுகள் தடையில்லாமல் மக்கள் நடந்த வழி பொது வழி என்று கொள்ளலாம் என்றது. 1949-இல் மற்றொரு சட்டம் இந்தப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. ஊர் மன்றத்தார் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் வழியுரிமைப் பாதைகள் இருக்கின்றன.

அந்த நாட்டு மூலதனமும் நிர்வாகிகளும் நடத்திய தோட்டங்களில்தான் என் அப்பா ஆபீஸ் வாசலில் பெயர் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போனார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை மதியம் கோத்தா கோலா மூடாவைச் சுனாமி அடித்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். ஆற்றுமுகக் கம்பத்தில் வீடுகள் நொறுங்கின, படகுகள் சடக்கில் கிடந்தன. பாச்சே அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகளைப் பார்க்க நாங்கள் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனோம். தாமான் குடியிருப்பில் என் அண்டை வீட்டார், பழைய லயத்துக்காரர்கள், ஒரு வேன் நிறைய. இன்று அங்கே உடைந்த படகுகளை அடுக்கி நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்; அருங்காட்சியகமும் உண்டு. வார இறுதியில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், மீன் வாங்குகிறார்கள், கம்பத்தைச் சுற்றுகிறார்கள்.

கிராம வாழ்க்கையைப் பார்க்க வருகிறவர்களுக்கு 1995 முதல் அரசாங்கமே 'ஹோம்ஸ்தே' திட்டம் வைத்திருக்கிறது. கம்பத்து வீட்டில் தங்கலாம், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடலாம். தோட்ட லயத்தில் அப்படி யாரும் தங்கிப் பார்க்க முடியாது. முதல் காரணம், லயங்கள் பெரும்பாலும் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. எங்கள் ஆட்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கு வாடகைக்கும் கடனுக்கும் குடிபோனார்கள். இரண்டாவது காரணம் பழையது: சொந்த வாசல் உள்ளவர்தான் விருந்தாளியை அழைக்க முடியும். தீபாவளித் திறந்த இல்லத்தில் எங்கள் சனம் காட்டும் தாராளத்தைப் பார்த்து, இது ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிலர் கேட்பார்கள். மூன்று தலைமுறையாக அழைக்க முடியாதவர்கள் அழைக்கிறார்கள் என்பதுதான் என் பதில்.

மீதி இருப்பவை கோயில்கள். செம்பனைக்கு நடுவே மாரியம்மனும் முனியாண்டியும் நிற்கிறார்கள். ஆண்டுத் திருவிழாவுக்குப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் வருகிறார்கள். சில இடங்களில் வாசலில் காவலாளி புத்தகத்தை நீட்டுகிறார்: பெயர், வண்டி எண், என்ன காரியம். எழுதிவிட்டுப் போகிறோம்.

20 ஆண்டு நடந்தால் வழி மக்களுடையது என்பது இங்கிலாந்துக் கணக்கு. நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. எத்தனை தலைமுறை நடந்தாலும் நடந்ததால் மட்டும் அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை வராது. எழுத்தில் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே நிலம் கைமாறும் போதுதான் பேச வேண்டும். வீடமைப்புக்கு வரைபடம் போடும் நாளிலேயே, இந்தக் கோயிலுக்கு இந்தத் திசையிலிருந்து இத்தனை காலமாக ஆள் நடந்திருக்கிறது என்று நில அலுவலகத்தின் மேசையில் வைக்க ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ஹார்வர்டிலிருந்து வந்தவர் எந்த ஓடையைத் தாண்டினார், ஸ்கார்பரோக்காரர் எந்த மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்தார் என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கோயில் நிர்வாகங்கள் இந்த ஆண்டுத் திருவிழாவில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் தோட்டத்து வரைபடமும் போட்டு, வருகிற பெரியவர்களிடம் பாதையைக் கேட்டுக் கோடு போட வைக்க வேண்டும். பெயரும் தோட்டப் பிரிவும் நடந்த ஆண்டுகளும் பக்கத்தில் எழுதி, அவரவர் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.